மாரிக்கண்ணன் பாதியில் விட்ட துளை

சிவகாசியில் மாரிக்கண்ணன் என்று பெயர் சொல்லி விசாரித்தால் நாலு பேருக்குத்தான் தெரியும். "பாத்ரூம்ல காத்தாடி மாட்டுவாரே, ஒல்லியா, அவரு" என்று கேட்டால் டீக்கடையிலேயே வழி சொல்லிவிடுவார்கள்.

அந்த வேலைக்கு ஊருக்குள் தேவை நிறைய இருந்தது. பழைய வீடுகளில் குளிக்கிற இடம் கொல்லைப்புறத்தில் இருந்ததாம். பிள்ளைகள் தலையெடுத்ததும் வீட்டுக்குள் இருந்த சாமான் அறையைத் தடுத்து, டைல்ஸ் ஒட்டி, ஹீட்டர் மாட்டி, மூலையில் வாஷிங் மெஷினையும் வைத்துக் குளியலறை ஆக்கிவிட்டார்கள். ஜன்னல் கிடையாது. ஒன்றரை அடி கனத்தில் சுண்ணாம்புச் சுவர். வெந்நீர் ஆவி போக இடமில்லாமல் கூரையில் கறுப்பு பூத்துவிடும். துவைத்த துணி காயாமல் நாறும். சுவரில் ஓதம் ஏறி, கையை வைத்தால் ஜில்லென்று ஒட்டும். அப்போது மாரிக்கண்ணனைக் கூப்பிடுவார்கள். அவர் சுவரை உடைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனை உட்கார வைத்து, வயர் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

பயந்த சுபாவம். குக்கர் விசில் அடித்தாலே தோள் ஒருதரம் தூக்கிப்போடும். தீபாவளி அன்றைக்கு ஊரே வெடித்துக்கொண்டிருக்க, இவர் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலில் போய் உட்கார்ந்திருப்பார். காரணம் இருந்தது. பதினெட்டு வயதில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தண்ணீர் சுமக்கிற வேலை பார்த்தார். ஒரு திங்கட்கிழமை காலை, சனிக்கிழமை கலந்து மீந்துபோன வெடிமருந்து வாளியோடு இருந்த அறையை யாரோ திறந்தார்கள். மாரிக்கண்ணன் குடத்தோடு நூறடி தள்ளி நின்றதால் பிழைத்தார். அன்றைக்கு அவர் பார்த்ததை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. மறுநாளே வேலையை விட்டுவிட்டு வயரிங் கற்றுக்கொள்ளப் போனார்.

அதனால் வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. துளை போடுகிற சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் டிரில்லைத் தொடமாட்டார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மா, இந்தச் சொவத்தோரம் ஒருதரம் பாத்துக்கிடட்டுமா" என்று கேட்டு, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். கூடப் படித்த கருப்பணன் இதைச் சொல்லியே கேலி செய்வான்.

"ஏலே, நீ சொவத்த ஒடைக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? வீடு வீடாப் போயி எட்டிப் பாக்க."

மாரிக்கண்ணன் சிரித்துக்கொள்வாரே தவிர வழக்கத்தை விட்டதில்லை. ஒரே ஒருதரம்தான் விட்டார்.

அது புரட்டாசி மாதம், தீபாவளிப் பட்டாசு சீசன் உச்சத்தில் இருந்த நேரம். ரெண்டு நாள் அடைமழை பெய்து, திங்கட்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. கற்பகவல்லி அம்மாள் வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். பழைய பெரிய வீடு. மகன் ஜெயச்சந்திரன் சென்னையில் வியாபாரம் பார்க்கிறார். அம்மாள் தனியாக இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வாயில் எப்போதும் ஏதாவது ஒரு பாட்டு முணுமுணுப்பு. மாரிக்கண்ணன் போனதுமே மோர் கொடுத்து, திருநீறும் கொடுத்தார்.

"பின்னாடிச் சொவரு பூராவும் ஊறிப்போச்சுப்பா. சீக்கிரம் காயணும். இன்னைக்கே காத்தாடிய மாட்டிரு."

மாரிக்கண்ணன் சுவரைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை நனைந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் சார்ப்பாக ஒரு தகரக்கூரை அறை இருந்தது. அதன் கூரை சுவரில் எந்த உயரத்தில் முட்டுகிறதோ அதற்கு மேலே துளை போட்டால்தான் காற்று வெளியே போகும்.

"அங்கிட்டு என்ன இருக்கும்மா?"

"காலண்டர் பேப்பர் போட்டு வச்சிருந்தோம். இப்பக் காலி. பூட்டித்தான் கெடக்கு."

"சாவி குடுத்தீகன்னா, உள்ள போயி கூரை எங்கன முட்டுதுன்னு அளந்துட்டு வந்துருவேன்."

"சாவி ஜெயச்சந்திரன்ட்ட இருக்கு" என்றார் அம்மாள். சொல்லும்போது மோர்ச் செம்பைப் பார்த்தபடி சொன்னார்.

மாரிக்கண்ணன் தெருவைச் சுற்றிக்கொண்டு பின் சந்துக்குப் போனார். கதவில் பெரிய பூட்டு தொங்கியது. ஜன்னலில் பலகை அடித்திருந்தது. கூரையின் கீழ் விளிம்பை வைத்து, மேலே எங்கே முட்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். காதைக் கதவில் வைத்துக் கேட்கலாமா என்று தோன்றியது. சாமி கும்பிடுகிற அம்மாளைச் சந்தேகப்படுவதா என்று வந்துவிட்டார். வெளிப்பக்கம் பூட்டியிருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று வேறு ஊர்க்காரன் நினைக்கலாம். சிவகாசியில் பிறந்தவன் நினைத்திருக்கக்கூடாது. அதை அவரே பிற்பாடு பலதரம் சொல்லியிருக்கிறார்.

ஏணியைச் சாத்தி, ஏறி, அம்மனை நினைத்துக்கொண்டு டிரில்லை வைத்தார். முதலில் விரல் கனத்தில் ஒரே ஒரு துளை. அது மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும், அதை மையமாக வைத்து வட்டமாக உடைப்பது அவர் முறை. ஈரச் சுண்ணாம்பு மாவு மாதிரி உதிர்ந்தது. நீள பிட் அடிவரைக்கும் இறங்கியபோது எதிர்ப்பு சட்டென்று விட்டுப்போனது. வெளிக்காற்றில் வந்திருந்தால் துளையில் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை. பிட் மூட்டை மாதிரி எதிலோ மெத்தென்று குத்தி நின்றது. அவர் டிரில்லை நிறுத்தி, மெல்ல வெளியே இழுத்தார்.

பிட்டின் முறுக்கில் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதன் நுனியில் மட்டும் சாம்பல் நிறமாக ஏதோ மினுங்கியது. விரலால் தொட்டார். மீன் செதிலைத் தடவியதுபோல விரல் வெள்ளியாகிவிட்டது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் குடம் சுமந்த கம்பெனியில் ஆட்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கை, கால், கண் இமையெல்லாம் இந்த நிறத்தில்தான் இருக்கும். அலுமினியத் தூள். வெடிக்குப் பளீரென்று வெளிச்சம் கொடுக்கிற சாமான். கையில் பிடித்திருந்த பிட் சுட்டது.

ஏணி கடகடவென்று ஆடியது. ஆடுவது தான்தான் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. டிரில்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கலாமா? அந்தப் பழைய பிளக் பாயிண்டில் சொருகும்போதே பொறி தெறித்தது. பிடுங்க வேண்டாம். எதையும் தொட வேண்டாம். இறங்கிப் போய்விடலாம்.

அப்போது துளைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது.

"ஏட்டி, சத்தம் நின்னுருச்சு."

"பேசாத. ரெய்டா இருக்கும்."

மாரிக்கண்ணன் கண்ணை மூடினார். உள்ளே ஆள் இருக்கிறது, லைசென்ஸ் இல்லாத பட்டாசு வேலை. வெளியே பூட்டு. இவ்வளவு நேரம் டிரில் போட்டபோது மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறார்கள். எந்தச் சத்தம் கேட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கத்தினால் பதறுவார்கள். பதறினால் எதையாவது தட்டிவிடுவார்கள், வளையல் உரசும், வாளி இழுபடும். அவர் வாயைத் துளையருகே கொண்டுபோய், கோவிலில் வரிசையில் நிற்கிறவர்களிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"தாயி, பயப்படாதீக. நான் ரெய்டு இல்ல. இந்த வீட்டுல காத்தாடி மாட்ட வந்தவன்."

உள்ளே குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு குரல், "ஏ முத்துமாரி, சொவரு பேசுதுடி" என்றது. யாரோ அடக்கிக்கொண்டு சிரித்தார்கள்.

"எத்தன பேரு தாயி இருக்கீக?"

"மூணு பேரு. ஏண்ணே?"

"என்ன வேலை நடக்கு?"

"பேப்பர்க் குழாய்ல மருந்து செலுத்துறோம்ணே. வெளிய சொல்லிறாதீக. பலவேசம் அண்ணன் பொழப்பு."

"சொல்லல. மருந்து இன்னைக்குக் கலந்ததா?"

"இன்னைக்குக் கலந்தது கொஞ்சம். வெள்ளிக்கெழம கலந்தது அரை வாளி கெடக்கு. ரெய்டு வருதுன்னாக, அப்பிடியே போட்டுட்டு ஓடிட்டோம். அதையும் சேத்து இன்னைக்கு முடிக்கச் சொன்னாக."

கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மீந்தால் ஈரத்தை இழுத்து நீர்த்துப்போகும். நீர்த்த மருந்து தானே புழுங்கி, தானே சூடேறி, யாரும் தொடாமலே தீப்பிடித்து எழுந்துகொள்ளும். இந்த வட்டாரத்தில் அது தெரியாத ஆள் கிடையாது. தெரிந்தும், ஆர்டர் நிற்கிறதே என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

"அந்த வாளி எங்கன இருக்கு தாயி?"

"இந்தச் சொவத்தோரந்தான்."

ஓதம் ஏறிய சுவர். ரெண்டு நாள் மழை. மேலே வெயிலில் காய்கிற தகரம்.

"வாளியத் தொடாம, பக்கத்துல கையக் காட்டிப் பாரு. எப்பிடி இருக்கு?"

காலடி ஓசை கேட்டது. "கதகதன்னு இருக்குண்ணே" என்றது அந்தக் குரல். இப்போது அதில் சிரிப்பு இல்லை.

"தகரம் சுடுதுல்ல, அதான்" என்றாள் இன்னொருத்தி.

"இருக்கும் தாயி. இருந்தாலும் நான் சொல்றதக் கேளுங்க. கையில இருக்கிறத மெதுவாத் தரையில வைங்க. இழுக்காதீக, தட்டாதீக. சேலைய ஒதறாம எந்திரிச்சு, மூணு பேரும் வாசக்கதவுகிட்டப் போயி நில்லுங்க. போனத் தொடாதீக. நான் சாவி கொண்டாரேன்."

"சாவி பலவேசம் அண்ணன்ட்டல்ல இருக்கு. அவரு சாத்தூர் போயிட்டாரு."

"எங்கிட்டு இருந்தாலும் நான் கொண்டாரேன்" என்றார் மாரிக்கண்ணன். எப்படி என்று அவருக்கே தெரியாது.

ஏணியை விட்டு இறங்கினார். கற்பகவல்லி அம்மாள் குளியலறை வாசலில் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, உள்ள மூணு பேரு இருக்காக. மருந்து நீத்துப்போச்சு. சூடு ஏறுது. சாவி வேணும்."

"அங்க யாரும் இல்லையேப்பா" என்று தொடங்கிய அம்மாள் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு, "ரெண்டு கொடம் தண்ணிய அந்தத் தொளைவழியா ஊத்திறலாமா?" என்றார்.

"வேணாம்மா. தண்ணி பட்டுத்தான் இந்த நெலமைக்கு வந்திருக்கு. சாவியக் குடுங்க."

"வெளிய தெரிஞ்சா ஜெயச்சந்திரன் பேரு பேப்பர்ல வந்துரும்பா. அவனுக்கு இது ஒண்ணுமே தெரியாது. நாந்தான் பலவேசத்துக்கு வாடகைக்கு விட்டேன்."

மாரிக்கண்ணன் வெள்ளி பூசிய கையைக் கூப்பினார். "பேரு வந்தா வந்துட்டுப் போகட்டும்மா. நாளைக்கு மூணு பேரு போட்டோ வந்துறக்கூடாது."

அம்மாள் பூஜை அறைக்குள் போனார். படத்துக்குப் பின்னாலிருந்து இன்னொரு சாவியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார். "நீங்க தெருவுக்குப் போயிருங்க. பக்கத்து வீட்டு ஆளுகளையும் வெளிய வரச் சொல்லுங்க. தீயணைப்புக்குப் போன் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மாரிக்கண்ணன் ஓடினார்.

பின் சந்துக்கு வீட்டுக்குள்ளிருந்து வழி இல்லை. தெருமுனை வரை போய், எண்ணெய்க்கடை ஓரமாகத் திரும்ப வேண்டும். முனையில் அவருடைய மொபெட் நின்றது. அதன் அருகில் வந்தபோது கால்கள் தாமாக நின்றுவிட்டன. வலது பக்கம் போனால் மெயின் ரோடு, பஸ், ஜனங்கள். அவரைத் தேடுகிறவர் யாரும் இல்லை. சாவியை எண்ணெய்க்கடைக்காரரிடம் கொடுத்து, கொஞ்சம் திறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக்கூடப் போய்விடலாம். இப்படியெல்லாம் நினைத்ததை அவர் மறைத்ததில்லை. குடத்தோடு நின்ற பதினெட்டு வயது அன்றைக்குத் திரும்பி வந்து தன் கழுத்தைப் பிடித்தது என்றுதான் சொல்வார். மொபெட் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு, "தாயே, என் காலு உன்னோட காலு" என்றார். பிறகு சந்துக்குள் திரும்பினார்.

பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. இரும்பும் இரும்பும் உரசுகிறதே என்று நூல் கணக்கில் மெல்லச் சாவியைத் திருகினார். கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் மூச்சு விடுவது கேட்டது. பூட்டு விட்டது. கதவைத் தூக்கினாற்போலத் திறந்தார். முதலில் சின்னப் பெண் ஒருத்தி வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. அடுத்து ஒருத்தி. மூன்றாவதாக வந்தவள் நாற்பது வயதுக்காரி, பஞ்சம்மாள். மூன்று பேரும் தலையிலிருந்து கால்வரை சாம்பல் வெள்ளியாக மினுங்கினார்கள். உள்ளே எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மருந்து நெடி மட்டும் மூக்கில் ஏறியது.

நாலு எட்டு வைத்ததும் பஞ்சம்மாள் நின்றாள். "என் போனு உள்ள கெடக்கு. மகளுக்கு மேலுக்குச் சொகமில்ல, ஸ்கூல்ல இருந்து கூப்பிடுவாக" என்று திரும்பினாள்.

மாரிக்கண்ணன் அடுத்த வீட்டுப் பெண்ணைத் தொட்டுப் பேசாதவர். அவள் முழங்கையைப் பிடித்துத் தரதரவென்று எண்ணெய்க்கடை முனைவரை இழுத்துவந்தார்.

"எவன்டா நீ, மேல கைய வைக்க?" என்றாள் அவள்.

முனையில் வந்து நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய்க்கடைக்காரர் வெளியே வந்து விவரம் கேட்டார். இரண்டு நிமிஷம் போனது. ஐந்து நிமிஷமும் போனது. சந்து வெயிலில் சும்மா கிடந்தது. திறந்த கதவு மெல்ல ஆடியது.

முத்துமாரி என்ற அந்தச் சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். "பலவேசம் அண்ணன் கொன்னுபோட்ருவாக. இன்னைக்கு லோடு ஏத்தணும்."

"சொவத்துல ஓட்டயப் போட்டுட்டு, நீத்துப்போச்சு, சூடாயிருச்சுன்னு கத கட்டுதான் இந்த ஆளு" என்றாள் பஞ்சம்மாள். "நான் பதினஞ்சு வருசமா மருந்துல கெடக்கேன். எனக்குத் தெரியாதா? தகரம் சுட்ட சூட்டுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம். வெலகும், போன எடுத்துட்டு வந்துருதேன்."

மாரிக்கண்ணனுக்கும் அந்தக் கணத்தில் சந்தேகம் வந்தது. தகரச் சூடாகத்தான் இருக்குமோ? தன்னுடைய பயம்தான் எல்லாவற்றையும் பெரிதாக்கிவிட்டதோ? கருப்பணன் கேட்டால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பானே. ஆனால் அவள் ஒரு அடி எடுத்து வைத்ததும், யோசிக்கிற சக்தி போய்விட்டது. சந்து குறுகல். அவர் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் இரண்டு பக்கச் சுவரிலும் ஊன்றிக்கொண்டார்.

"என்ன மிதிச்சுட்டுப் போ தாயி."

"எந்திரிய்யா."

"மாட்டேன்."

"ஆம்பளயா நீ? நடுவீதியில உக்காந்துகிட்டு."

"என்ன வேணாலும் சொல்லிக்க. மிதிச்சுட்டுப் போ."

அவள் நிஜமாகவே மிதிக்கக் காலைத் தூக்கினாள். அவருடைய முதுகுக்குப் பின்னால் சீறுகிற மாதிரி ஒரு ஓசை கேட்டது. பஞ்சம்மாளின் முகம் முழுவதும் வெள்ளை வெளிச்சம் அடித்தது. அதன் பிறகுதான் இடி விழுந்தது. தரை எழும்பி இறங்கியது. தகரம் ஒன்று காகிதம்போல மேலே போய், எங்கோ தள்ளிப்போய் விழுந்தது. எண்ணெய்க்கடையில் பாட்டில்கள் உருண்டன. புகை சந்து வழியாக அவர்கள்மேல் வந்து மூடியது.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. அறை இருந்த இடத்தில் கரியும் கல்லும்தான் கிடந்தன. குளியலறைச் சுவர் உள்பக்கமாகச் சரிந்து, ஏணியை முறித்து, வாஷிங் மெஷின்மேல் கிடந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்கு ஓடு விழுந்து காயம். உயிர்ச்சேதம் இல்லை, அம்மன் புண்ணியம். போலீஸ் வந்து கேட்டபோது மாரிக்கண்ணன் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். தான் மறுபக்கம் பார்க்காமல் துளை போட்டதையும் சேர்த்தே சொன்னார். கற்பகவல்லி அம்மாள் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். "நாந்தாங்க வாடகைக்கு விட்டேன்" என்று கேட்காதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்ணெய்க்கடைக்காரர் சோடாவும் தண்ணீரும் கொண்டுவந்தார். பஞ்சம்மாள் அவருடைய போனை வாங்கி மகளின் ஸ்கூலுக்குப் பேசினாள். பேசி முடித்துவிட்டு, நடைபாதையில் மாரிக்கண்ணனுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

"ஏண்ணே, சொவத்துக்குள்ள இருந்து பேசுனது நீங்கதானே?"

அவர் தலையை ஆட்டினார்.

"அந்தக் கொரலக் கேட்டப்ப, பயம்னா என்னன்னே தெரியாத ஆளு போலன்னு நெனச்சேன்."

மாரிக்கண்ணன் தண்ணீர் டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். அது பல்லில் தடதடவென்று அடித்து, தண்ணீர் முழுவதும் சட்டையில் கொட்டியது. இரண்டாவது தரமும் அப்படியே கொட்டியது. பஞ்சம்மாள் நகர்ந்து வந்து டம்ளரை வாங்கி நிரப்பினாள். அவருடைய மணிக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் வாயில் பொறுமையாக ஊற்றினாள்.

"குடிங்கண்ணே" என்றாள். "மெதுவாக் குடிங்க."